சுவரும் சித்திரமும்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது எமது முதுமொழி. கலைக்கென எவரேனும் நிதி கேட்டு வாய் திறக்கும்போதெல்லாம் எம்மவர் மத்தியில் முதலில் எழும் விடையும் இதுவே. ஊரில் வீடிழந்தவர்கள் இருக்கின்றனர். காணாமற் போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார் இருக்கின்றனர். இங்கோ, தஞ்ச விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவர்கள் இருக்கின்றனர். வாடகையும் மின்கட்டணமும் ஏறியவண்ணம் இருக்கின்றன. இந்நிலையில் நாடகம் எதற்கு, சஞ்சிகை எதற்கு, நூலகம் எதற்கு என்ற கேள்வி நியாயமற்றதன்று. அதனைக் கேட்பவர்கள் கலையின் பகைவர்களும் அல்லர். மாதமுடிவில் ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தை எண்ணி எண்ணிச் சேர்ப்பவர்களே பெரும்பாலும் அதனைக் கேட்கின்றனர். ஆகவே அக்கேள்விக்குக் கோபத்தாலன்றி வரலாற்றால் விடை கூறவேண்டிய கடமை எமக்குண்டு.

இக்கேள்வி எம்மிடத்து மட்டும் எழுவதன்று. எமக்குப் புகலிடம் தந்த நாடுகளும் இதனையே தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தன் செலவுகளுக்கு வேண்டிய நிதி தன்னிடம் இல்லையென 2023 செப்டெம்பரில் அறிவித்த பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் நகரசபை, நகரின் கலை நிறுவனங்களுக்கு வழங்கிவந்த மானியத்தை முதலிற் பாதியாக்கி, 2025-26 நிதியாண்டில் முற்றாக நிறுத்துவதெனத் தீர்மானித்தது. பேர்லின் மாநில அரசு தனது 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கலாசாரத்துக்கான ஒதுக்கீட்டிலிருந்து ஏறத்தாழ 130 மில்லியன் யூரோவை வெட்டியது. அமெரிக்காவின் தேசிய கலை நிதியம், தான் ஏற்கெனவே அறிவித்திருந்த மானியங்களுட் பலவற்றை 2025 மே மாதத்தில் இரத்துச் செய்தது.

இத்தகைய வேளைகளில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். அரசின் பணம் மருத்துவமனைக்கும் பாடசாலைக்குமே உரியது, கலையைத் தனவந்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஒன்று. தனவந்தர் தயவில் கலை வாழ்வது இழிவு, அரசே முழுப் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாதி உண்மைகளே என்பது எமது கருத்து. கடினமான காலங்களில் தோன்றி நிலைபெற்ற கலை நிறுவனங்களின் வரலாற்றை நோக்கின், தனியார் கொடை வித்தாக விழுந்து, பொதுப்பணம் நீராகப் பாய்ந்து, இரண்டுமே பயிர்மீது உரிமை கொண்டாடாது விலகி நின்ற இடங்களிலேயே அது தழைத்திருப்பதைக் காணலாம். வித்து, நீர், விலகி நிற்றல் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயிர் வாடிவிடும். இதனைச் சில சான்றுகளால் விளக்க முயல்வோம்.

வெறுமையான சுவர்கள்

1939 செப்டெம்பரில் பிரித்தானியா ஜேர்மனியுடன் போரில் இறங்கியபோது, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்குத் தப்புவிக்கும் பொருட்டு வேல்ஸ் பகுதிக்கு அனுப்பப்பட்டன. நகரின் நாடக அரங்குகளும் இசை மண்டபங்களும் மூடப்பட்டன. ஓவியக்கூடத்தில் சுவர்கள் இருந்தன, சித்திரங்கள் இல்லை. எமது முதுமொழி தலைகீழாகி நின்ற இடம் அது.

அவ்வேளையில் பியானோக் கலைஞரான மைரா ஹெஸ் அம்மையார், அந்த வெறுங்கூடத்தில் மதிய உணவு வேளையில் இசை நிகழ்த்தலாம் என்ற யோசனையை ஓவியக்கூடத்தின் பணிப்பாளர் கென்னத் கிளார்க்கிடம் முன்வைத்தார். 1939 ஒக்டோபர் 10ஆம் நாள் முதற் கச்சேரி நிகழ்ந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அலுவலகப் பணியாளர்களும் விடுப்பில் வந்த சிப்பாய்களும் வரிசையில் நின்று உள்ளே சென்றனர். குண்டுவீச்சு மிகுந்த நாட்களில் நிகழ்ச்சி நிலவறைக்கு மாற்றப்பட்டதேயன்றி நிறுத்தப்படவில்லை. 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள் நிகழ்ந்தன. ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். ஜேர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்த பெண்ணொருவர் ஜேர்மானியர்களான பாக்கினதும் பேத்தோவனதும் இசையை வாசித்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது. எவரும் அவரைத் துரோகி என்று கூறவில்லை. மக்களுக்கு அது தேவைப்பட்டது.

இவ்விசை நிகழ்ச்சி தனிமனித முயற்சி. இதற்குப் பக்கத்திலேயே வேறொரு காரியம் நடந்தது. 1930ஆம் ஆண்டில் எட்வேர்ட் ஹார்க்னஸ் என்ற அமெரிக்கத் தனவந்தர், எண்ணெய் வணிகத்தால் தம் குடும்பத்துக்குக் கிட்டிய செல்வத்திலிருந்து இரண்டு மில்லியன் பவுணுக்குச் சற்று அதிகமான தொகையைக் கொடுத்துப் பிரித்தானியாவில் பில்கிரிம் அறக்கட்டளையை நிறுவியிருந்தார். போர் தொடங்கிச் சில மாதங்களில் அவ்வறக்கட்டளை 25,000 பவுண் ஒதுக்க, 1940இன் தொடக்கத்தில் இசை, கலை ஊக்குவிப்புச் சபை ஒன்று உருவாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் அரசின் திறைசேரி, தனியார் கொடைக்கு ஈடாகப் பவுணுக்குப் பவுண் தர முன்வந்தது. நாடு நிதி நெருக்கடியில் ஆழ்ந்திருந்த காலம் அது. பிரான்ஸ் வீழ்வதற்குச் சில வாரங்களே இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அச்சபையின் துணையுடன் இசைக்கலைஞர் தொழிற்சாலை உணவுக்கூடங்களிலும் பதுங்குமிடங்களிலும் வாசித்தனர். சிபில் தோண்டைக் அம்மையாரின் நாடகக் குழு 1940இல் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் ஊர்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தைக் கொண்டுசென்றது. 1942இல் பில்கிரிம் அறக்கட்டளை விலகிக்கொண்டது. தான் தொடங்கிவைத்த காரியத்தைப் பொதுமக்களின் பணம் ஏற்றுக்கொண்ட பின்னர், தன் பெயரைப் பலகையில் நிலைநிறுத்தும் பொருட்டு அது அங்கே அமர்ந்திருக்கவில்லை. அதே ஆண்டில் சபைக்குத் தலைவராக வந்தவர் பொருளியலறிஞர் ஜோன் மேனாட் கெயின்ஸ். போருக்கான பணத்தை எங்ஙனம் திரட்டுவதென அரசுக்கு ஆலோசனை கூறிக்கொண்டிருந்த அதே மனிதர், கலைக்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்றார். கணக்கறியாதவரின் கலையார்வம் என்று எவரும் அதனைத் தள்ளிவிட முடியவில்லை. 1945இல் அச்சபையை நிலையான நிறுவனமாக்க அரசு முடிவுசெய்தது. கெயின்ஸ் 1946 ஏப்ரலில் மறைந்தார். சில மாதங்களின் பின் அரச சாசனத்துடன் பிரித்தானியக் கலைச்சபை பிறந்தது. அந்நாட்களில் அதற்குக் கிடைத்த ஆண்டு மானியம் 235,000 பவுண்.

தனவந்தர் ஒருவரின் கொடை அரசின் கையைப் பிடித்து இழுத்தது. அரசு வந்தபின் கொடை விலகிக்கொண்டது. அரசோ பணத்தைத் தந்துவிட்டு, எந்த நாடகம், எந்த ஓவியம் என்ற தெரிவைத் தன்னிற் சாராத சபையிடம் விட்டது. இம்மூன்று படிகளையும் வாசகர்கள் மனத்திருத்தல் வேண்டும்.

மரணவரியில் மலர்ந்த சபை

கனடாவில் வாழும் எமது வாசகர்களுக்கு மிக அணித்தான சான்றொன்று உண்டு. வின்சென்ட் மாசியின் தலைமையிலான அரச ஆணைக்குழு, நாட்டின் கலைகளுக்கென ஒரு சபை வேண்டுமென 1951இல் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் உறங்கியது. பணம் இல்லை என்பதே காரணம். 1955இலும் 1956இலும் ஐசக் வோல்ற்றன் கில்லம், சேர் ஜேம்ஸ் டன் என்ற இரு பெருஞ் செல்வர்கள் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களது சொத்துகளின்மேல் விதிக்கப்பட்ட மரணவரியாக அரசுக்கு நூறு மில்லியன் டொலர் வரை எதிர்பாராது வந்து சேர்ந்தது. அதனைப் பாதைக்கும் பாலத்துக்கும் செலவிட்டிருக்கலாம். அரசோ அதிற் பாதியைப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கும், மீதி 50 மில்லியன் டொலரை நிலையான முதலாகவும் வைத்து 1957இல் கனடாக் கலைச்சபையை நிறுவியது. முதல் கரையாமல் வருவாயைக் கொண்டு இயங்கிய சபை, 1960களின் நடுவிலிருந்து நாடாளுமன்றத்தின் ஆண்டு மானியத்தையும் பெற்றுவருகிறது.

இங்கே செல்வர்கள் தாமாகக் கொடுக்கவில்லை, சட்டம் வாங்கியது. ஆயினும் பாடம் ஒன்றே. தனியார் செல்வம் பொதுச் செல்வமாக மாறும் கணத்தில், அதனை ஒரே ஆண்டிற் செலவழித்துத் தீர்க்காமல், வருங்காலக் கலைஞருக்கும் சேமித்து வைக்கும் மதி வேண்டும்.

எசமானாகிய கொடையாளர்

மூன்றாவது படி, அதாவது விலகி நிற்றல், தவறிய இடங்களில் நேர்ந்ததையும் கூறுதல் வேண்டும்.

1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ற் வேலையற்றோருக்கு வேலை வழங்கிய திட்டத்தில், 1935 முதல் ஓவியர்களும் எழுத்தாளர்களும் நடிகர்களும் இசைஞர்களும் சேர்க்கப்பட்டனர். கலைஞர்களும் ஏனையோரைப் போல உண்ணவேண்டியவர்களே என்பது அத்திட்டத்தை நடத்திய ஹரி ஹொப்கின்ஸின் வாதம். உச்சநிலையில் ஏறத்தாழ 40,000 பேர் கூலி பெற்றனர். ரிச்சட் ரைட், றல்ப் எலிசன், சோல் பெலோ முதலிய பின்னாட் பெரும் எழுத்தாளர்கள் அக்கூலியில் அடுப்பெரித்தவர்களே. ஆயின் அங்கே அரசுக்கும் கலைஞருக்கும் இடையில் சுவரொன்று எழுப்பப்படவில்லை. நாடகங்கள் வாடகை வீட்டாரின் துயரையும் தொழிலாளர் உரிமையையும் பேசத் தொடங்கியதும், காங்கிரஸ் சபை சினந்தது. 1938இல் விசாரணைக் குழு முன் தோன்றிய நாடகத் திட்டப் பணிப்பாளர் ஹலி பிளனகனிடம், அவர் எழுதிய கட்டுரையொன்றிற் குறிப்பிட்டிருந்த கிறிஸ்தோபர் மார்லோ கம்யூனிஸ்ற்றா என்று உறுப்பினரொருவர் கேட்டார். மார்லோ 1593இல் இறந்த ஆங்கில நாடகாசிரியர்! சிரிப்பு அடங்கியது, வெட்டு விழுந்தது. 1939 ஜூன் 30ஆம் நாளுடன் அந்நாடகத் திட்டத்துக்கான பணம் நிறுத்தப்பட்டது. கொடுத்த கையே கழுத்தையும் பிடித்தது.

அரசு மட்டுமே இவ்வாறு செய்யும் என்றும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் வலிநிவாரண மருந்தொன்றால் பல்லாயிரவர் அடிமைப்பட்டு மாண்ட விவகாரத்தில், அதனைத் தயாரித்த பேர்டியூ நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தினரின் பெயர், உலகின் பேரரும்பொருட் காட்சியகங்கள் பலவற்றின் சுவர்களில் நெடுங்காலம் பொறிக்கப்பட்டிருந்தது. புகைப்படக் கலைஞர் நான் கோல்டின் முதலானோர் காட்சியகங்களுக்குள் தரையிற் படுத்துப் போராடிய பின்னரே, 2019இல் பாரிஸ் லூவர் அப்பெயரை அகற்றியது. 2021இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் காட்சியகமும் அகற்றியது. சுவரிற் பெயர் எழுதுவதற்காகவே சித்திரத்துக்குப் பணம் தருவோர் உண்டு. அவர்கள் வாங்குவது கலையை அன்று. தமது பெயருக்கான வெள்ளையடிப்பை.

எமது சொந்தச் சான்று

வித்தும் நீரும் என்று நாம் கூறியதற்கு எம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அது சாம்பலாகியும் சான்றாகவே நிற்கின்றது.

1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் தம்மிடமிருந்த நூல்களைத் தமது இல்லத்தில் வைத்தே பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவர் கோடீஸ்வரர் அல்லர். அவருடைய ஆர்வத்தைக் கண்டு கற்றோர் சிலர் கூடினர்; 1934இல் வாடகை அறையொன்றில் சில நூறு நூல்களுடன் வாசிகசாலை திறக்கப்பட்டது; அடுத்த ஆண்டில் நகரசபை அதனை ஏற்றுக்கொண்டது. தனிமனிதர் இட்ட வித்துக்குப் பொதுப்பணம் நீர் வார்த்தது. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்த திட்டத்தின்படி எழுந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு, காவற்றுறையினரும் காடையரும் இட்ட தீயில், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. ஒரு தனிமனிதரின் வீட்டு அலமாரியிலிருந்து அரை நூற்றாண்டில் வளர்ந்தது, ஓரிரவில் அழிந்தது.

சித்திரம் பின்னர், சுவர் முன்னர் என்போரிடம் நாம் கேட்பது இதுதான்: எம்மை அழிக்க எண்ணியவர்கள் ஏன் களஞ்சியத்தை விடுத்து நூலகத்தைத் தேடிச் சென்றனர்? பகைவனுக்குத் தெரிந்த பெறுமதி எமக்குத் தெரியாமற் போகலாமா? ஒரு சமூகத்துக்கு நூலும் பாட்டும் கூத்தும் சுவரின்மேல் எழுதப்படும் அலங்காரமல்ல, அவையே சுவர். 1985இல், போர் சூழ்ந்திருந்த யாழ்ப்பாணத்தில், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியபோது, உயிருக்கே உத்தரவாதமற்ற மக்கள் அதனைப் பார்க்கத் திரண்டமைக்கு வேறெந்த விளக்கமும் இல்லை.

ஒரு நூறு பவுணின் கதை

இனி அகதிகளாகிய எமக்கு இதிலெல்லாம் என்ன பங்கு என்று கேட்கப்படலாம். அகதிகளாலான ஓர் இசைக்குழுவின் வரலாறு இதற்கு விடை தரும்.

ஹிட்லருக்குத் தப்பி ஒஸ்திரியாவிலிருந்து பிரித்தானியா வந்த நோபேர்ட் பிரைனின், சீக்மண்ட் நிசல், பீற்றர் ஷிட்லொவ் என்ற மூன்று யூத இளைஞர்கள், 1940இல் எதிரிநாட்டவர் என்ற பெயரில் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களிலேயே அவர்களுக்குள் அறிமுகம் ஏற்பட்டது. விடுதலையான பின், தாமும் அகதியாக வந்தவரான வயலின் ஆசான் மக்ஸ் ரொஸ்ரால் அவர்களிடம் கட்டணம் வாங்காது கற்பித்தார். பிரித்தானியரான மாட்டின் லவெற்றையும் சேர்த்து அவர்கள் நால்வர் குழுவொன்றை அமைத்தனர். லண்டன் விக்மோர் மண்டபத்தில் அரங்கேற வேண்டும், கையிற் பணமில்லை. இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் மகளான இமொஜன் ஹோல்ஸ்ட் அம்மையார் அதற்கென நூறு பவுண் தந்தார். 1948 ஜனவரி 10ஆம் நாள் மண்டபம் நிறைந்தது. அன்று அரங்கேறிய அமேடியஸ் குழு, அதே நால்வருடன், ஷிட்லொவ் 1987இல் மறையும்வரை உலகெங்கும் வாசித்தது.

கட்டணமில்லாக் கல்வியும் நூறு பவுணும் செய்த வேலை இது. தடுப்பு முகாமில் இருந்தவனிடம் வயலின் இருக்கலாம் என்று எண்ணத் துணிந்தோர் சிலர் இருந்தமையால் இது நடந்தது. இன்று எமது இளைஞர் தங்கியிருக்கும் விடுதிகளிலும் முகாம்களிலும் எத்தனை கவிஞர், எத்தனை மிருதங்கக் கலைஞர், எத்தனை நாடகக்காரர் பேரற்று இருக்கின்றனர் என்பதை எம்மில் எவரேனும் விசாரித்ததுண்டா?

எம்மிடம் இல்லாதது பணமன்று

எம்மவர் கொடைக்குப் பின்நிற்பவர்கள் என்று எவரும் பழிகூற முடியாது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கென ஆறு மில்லியன் அமெரிக்க டொலர் திரட்டும் இலக்கு 2018இல் நிறைவேறியது. அதற்குத் தமிழ்நாட்டு அரசு பத்துக் கோடி ரூபா வழங்கியது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் இருக்கைக்கான மூன்று மில்லியன் டொலர் இலக்கும் 2021இல் எட்டப்பட்டது. இவை போற்றத்தக்க செயல்கள். தனியார் கொடையும் பொதுப்பணமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கும், முதலைக் கரைக்காது வைக்கும் முறைக்கும் இவை எமது நாளின் சான்றுகள். 2005இல் தொடங்கப்பட்டு, தொண்டர்களின் உழைப்பிலும் சிறு நன்கொடைகளிலும் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதிசெய்து காத்துவரும் 'நூலகம்' எண்ணிம நூலகமும் அத்தகையதே. எரிந்த நூலகத்துக்கு எம்மவர் அளித்த மிக நல்ல மறுமொழி அதுவென்போம்.

ஆயினும் இவற்றுக்கிடையில் ஓர் இடைவெளி உண்டு. ஆராய்ச்சிக்கு இருக்கை அமைந்தது. எழுதிவைத்ததற்குக் காப்பகம் அமைந்தது. இன்று எழுதுபவருக்கும் நடிப்பவருக்கும் என்ன அமைந்தது? இரவு முழுவதும் உணவகத்திற் பாத்திரம் கழுவிவிட்டு விடிகாலையில் நாவல் எழுதுபவரை நாம் அறிவோம். தன் சம்பளத்தில் அச்சுக்கூலி கொடுத்து நான்கு இதழ்களுடன் நின்றுபோன சிறுசஞ்சிகைகள் ஐரோப்பாவின் ஒவ்வொரு நகரிலும் உண்டு. அதே நகரில் ஓர் அரங்கேற்றத்துக்கு மண்டபம், உடை, விருந்து, சென்னையிலிருந்து வரும் பக்கவாத்தியக்காரர் எனக் குடும்பமொன்று தன் பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிடுகின்றது. பிள்ளை நடனம் பயில்வதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அவ்வொருநாட் செலவில் ஒரு சஞ்சிகை ஓராண்டு மூச்சுவிட்டிருக்கும். எம்மிடம் இல்லாதது பணமன்று. பணத்தைப் பொதுவாக்கும் வழி.

மற்றொரு குறை, பொதுப்பணத்தை நாம் பிச்சையாகக் கருதுவது. மருத்துவமனைத் தரையைத் துடைப்பவரும் வாடகைக்கார் ஓட்டுபவரும் வருமானவரி செலுத்துகின்றனர். வேலை செய்யும் அனுமதியற்ற தஞ்சம் கோருவோரும் கடையில் வாங்கும் பல பொருள்களுக்கு விற்பனைவரி செலுத்துகின்றனர். பிரித்தானியாவில் 1994இல் தொடங்கிய தேசிய லொத்தரின் வருவாயில் ஒரு பகுதி கலைகளுக்குச் செல்கின்றது. அச்சீட்டை வாங்குவோரில் எம்மவர் குறைந்தவரல்லர். பணத்திற் பங்கு எமக்கு இருக்கும்போது பயனிலும் பங்கு கேட்பதில் வெட்கமென்ன? கலைச்சபைகள் நாட்டுமட்டத்தில் மட்டுமன்றி மாகாண, நகர மட்டங்களிலும் இயங்குகின்றன. அவற்றின் விண்ணப்பப் படிவங்களை எமது அமைப்புகளிற் பல எடுத்துப் பார்த்ததுமில்லை. மொழி தடையென்றால், இந்நாட்டிற் பிறந்து இந்நாட்டிற் படிக்கும் எம் பிள்ளைகள் எதற்கு இருக்கின்றனர்?

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் பின்வருமாறு:

முதலாவது, புலம்பெயர்ந்தோர் வாழும் ஒவ்வொரு பெருநகரிலும் ஒரு சிறு கலைநிதியம் வேண்டும். விழா நடத்தும் சங்கங்களும் ஆலயங்களும் பழைய மாணவர் மன்றங்களும் தமது விழாச் செலவிற் பத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கட்டும். ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சதமேனும் குறைக்குமாறு நாம் கேட்கவில்லை. மேடை அலங்காரத்தைக் குறைக்குமாறே கேட்கின்றோம்.

இரண்டாவது, அந்நிதியம் ஒன்றுக்கு ஒன்று என்ற விதியில் இயங்கட்டும். சஞ்சிகையோ நாடகக் குழுவோ தன் வாசகரிடமும் பார்வையாளரிடமும் திரட்டும் தொகைக்கு ஈடான தொகையை நிதியம் கொடுக்கட்டும். அக்கணக்கைக் காட்டி நகரசபையிடமும் கலைச்சபையிடமும் மேலும் கேட்கட்டும். தன் மக்களின் ஆதரவைக் காட்டும் விண்ணப்பத்தைப் புறந்தள்ளுதல் எளிதன்று.

மூன்றாவது, பணம் கொடுப்போர் தெரிவுசெய்யலாகாது. தெரிவுசெய்வோர் பணம் பெறலாகாது. தெரிவுக் குழு குறித்த காலத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். தன் முடிவுகளுக்கான காரணத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். கொடையாளருக்குப் பொன்னாடையும் பேச்சும் வேண்டாம். ஆண்டறிக்கையில் ஒரு வரி போதும்.

நான்காவது, இதுவே மிக முக்கியமானது: எவர் எந்தப் பக்கம் என்ற கேள்வி தெரிவுக் குழுவின் வாயிலுக்குள் நுழையலாகாது. எழுதியமையாலும் பேசியமையாலும் நாடு நீங்கியவர்கள் எம்மிற் பலர். ஆயுதம் ஏந்தியோரின் அச்சத்தாலும் அரசின் அச்சத்தாலும் பேனாவை மூடிவைத்த அனுபவம் எமக்குப் புதிதன்று. கடல்கடந்து வந்து, பணம் என்ற புதிய கயிற்றால் அதே பேனாவைக் கட்டுவோமாயின், தஞ்சம் கேட்டு நாம் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களுக்குப் பொருளில்லை. எமக்குப் பிடிக்காத நாடகத்துக்கும் எமது பணத்தில் ஒரு பங்கு செல்லும் என்பதை ஏற்கும் மனமே இந்நிதியத்தின் முதல் மூலதனம்.

காலம் நல்லதானதும் செய்வோம் என்று ஒத்திவைப்பவர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். நாம் மேலே கண்டவற்றுட் பல, நெருக்கடிக் காலங்களில் தொடங்கியவையே. ஒன்று குண்டுகள் விழுந்த நகரில். ஒன்று வேலையற்றோர் வரிசையில். ஒன்று தடுப்பு முகாமில். நல்ல காலத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. எம் தலைமுறையில் தாய்மொழியில் எழுதுவோர் வயதேறிக்கொண்டிருக்கின்றனர். எம் பிள்ளைகளின் தமிழ் வீட்டுவாசலுடன் நின்றுவிடும் ஆபத்து கண்முன் தெரிகின்றது. அடுத்த விழாவுக்குச் சங்கக் கூட்டம் கூடும்போது, மண்டபத்தையும் மலர்மாலையையும் பற்றிப் பேசுமுன், இந்நிதியத்தைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்கட்டும். அந்த ஒருவர் இதனை வாசிக்கும் நீங்களாக இருக்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.